யானை வந்தால் ஆஃப் பண்ணலாம்

தளியிலிருந்து ஓசூர் போகும் காலைப் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கம்பெனி சட்டை போட்ட இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பழைய காருக்குப் புது ஸ்டார்ட்டர் மோட்டார் போட்டாச்சுண்ணா. இனிமே யானை வந்தா வண்டிய ஆஃப் பண்ணலாம்,” என்றார் இளையவர்.

“முன்னாடி பண்ணமாட்டியா?”

“ஆஃப் பண்ணா தள்ளித்தான் எடுக்கணும். யானை முன்னாடி யாரு எறங்கித் தள்றது? என்ஜின் ஓட ஓடவே உக்காந்திருப்பேன். அந்தச் சத்தத்துக்கு அது மொறைச்சிக்கிட்டு நிக்கும்.”

“இப்ப?”

“நேத்து ஜவளகிரி ரோட்டுல வந்துச்சு. ஆஃப் பண்ணேன். பானெட்ட மோந்து பாத்துட்டு, பேசாம காட்டுக்குள்ள போயிடுச்சு.”

“அப்புறம் வண்டி எடுத்துச்சா?”

“சாவியத் திருப்புனதும் எடுத்துச்சுண்ணா. கிளட்ச மிதிக்கிற காலுதான் இன்னும் நடுங்குது. அதான் இன்னிக்கு பஸ்ஸு.”