உயிரோடிருப்பவருக்குக் கட்டிய வெள்ளைக்கொடி

பெயர்: புவனேந்திரன் சிவசக்தி. வயது: 44. தொழில்: பட்டதாரி ஆசிரியை. முகவரி: இலக்கம் 7, மேற்பிரிவு, நாகமலைத் தோட்டம், ஸ்பிரிங்வெளி வீதி, பதுளை. திகதி: 2024.10.14, திங்கட்கிழமை. நேரம்: காலை 7.20.

மேற்குறிப்பிட்ட நான் எவரும் அழைக்காமல் நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். நேற்று எங்கள் தோட்டச் சந்தியில் கிருஷ்ணராஜ் என்பவரை மரச்சட்டத்தால் அடித்துக் காயப்படுத்தியது நான். அதற்காக இங்கே தடுத்து வைக்கப்பட்டிருக்கும் என் கணவர் புவனேந்திரன் (47) அவரைத் தொடவில்லை. என் கணவரை விடுவிக்கவே இதைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் இளஞ்சுடர் விளையாட்டுக் கழகம் என்று ஓர் உதைபந்தாட்டக் கழகம் இருக்கிறது. கிருஷ்ணராஜ் அதன் செயலாளர். தோட்டத்தில் யார் இறந்தாலும் வெள்ளைக்கொடி கட்டுவதும் குழி வெட்டுவதும் இக்கழகத்தாரின் பொறுப்பு. என் கணவர் 2003 முதல் 2009 வரை அந்த அணியில் முன்கள வீரராக விளையாடினார். ஆறு வருடங்களில் இரண்டு கோல்கள் போட்டார். அவற்றில் ஒன்று, அவர் குனிந்து சப்பாத்து நூல் கட்டும்போது முதுகில் பட்டு உள்ளே போனது. அவர் நல்ல ஆட்டக்காரர் அல்ல. அதை நான் மறைக்கவில்லை.

சனிக்கிழமை மாலை நான்கு மணியளவில் நான் தோட்ட மண்டபத்தில் ஐந்தாம் தர வகுப்பை முடித்துக் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தேன். பலகைச் சுவருக்கு அப்பால் கழகத்தார் எட்டுப் பேரளவில் கூடி, கழகத்தின் நாற்பது வருடத்தில் ஆக மோசமான முன்கள வீரர் யார் என்று விவாதித்தார்கள். என் கணவரும் அங்கே இருந்தார்.

ரஜீவ் என்பவர், "ரமேஸ் மாமாவ மிஞ்ச ஆளே இல்ல. இடைவேளைக்கு அப்புறம் பக்கம் மாறினத மறந்து நம்ம கோலுக்கே அடிச்சாருடா" என்றார்.

ஜேசன் என்பவர், "அடிச்சாருல்ல? புவனா அண்ணனுக்கு அந்தத் தொல்லையே இல்லயே" என்றார்.

"டேய், ரெண்டு போட்டிருக்கேன்டா" என்றார் என் கணவர்.

"ஒண்ண முதுகு போட்டுச்சு அண்ணே. மெடல முதுகுக்குத்தான் குத்தணும்" என்றார் கிருஷ்ணராஜ்.

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரின் சிரிப்புத்தான் முதலில் கேட்டது. பதினைந்து வருடங்களாக அவர் அப்படித்தான் முந்திக்கொள்கிறார். எனக்கு அவர்கள்மீதும் அவர்மீதும் அருவருப்பு ஏற்பட்டது. பலகையைத் தட்டியிருக்கலாம். தட்டாமல் கொப்பிகளைத் திருத்தி முடித்தேன். அதன் பின் கழகத்தின் நினைவு மலருக்கு என்று கிருஷ்ணராஜ் ஒரு படம் கேட்க, திருவிழாவில் நான் எடுத்த படத்தை என் கணவர் தொலைபேசியில் அனுப்பினார்.

ஞாயிறு காலை 10.40 அளவில், லுணுகலையில் மகள் வீட்டில் தங்கியிருந்து திரும்பும் என் மாமியார் இராக்கம்மாவை (70) அழைத்துவரச் சந்திக்குப் போனேன். சந்தியிலிருந்து கோயில் வளைவு வரை வீதியின் இரு பக்கமும் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. அவை சாவு வீடுகளுக்குக் கட்டும் அதே கொடிகள். பஸ் தரிப்பிடத்துக்கு மேலே மரச்சட்டத்தில் அடித்த பெரிய பேனரில், கறுப்புச் சட்டகத்துக்குள் என் கணவரின் அதே திருவிழாப் படமும் இரு பக்கமும் குத்துவிளக்கும் இருந்தன. மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிதாக இருந்தது. கீழே சிறிய எழுத்தில், 'அன்னாரின் கோல் போடும் திறமை பிறக்காமலே மறைந்தது. இவண், ரசிகர்கள்' என்று இருந்தது. நான் அதை வாசித்து முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

மாமிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் கொடியைப் பார்த்தார், பின்னர் படத்தைப் பார்த்தார். மகனுக்காகக் கொண்டுவந்த ஈரப்பலாக்காய்ப் பை கையிலிருந்து விழுந்தது. "எம் மகனுக்கா கட்டியிருக்கீங்க? எப்பப் போனான்?" என்று கேட்டு வீதியிலேயே உட்கார்ந்து மார்பில் அடித்து ஒப்பாரி வைத்தார். தேநீர்க் கடையில் நின்ற கழகத்தார் சிரித்தார்கள். ரஜீவ் தொலைபேசியில் படம் பிடித்தார். கிருஷ்ணராஜ், "ஆயா, அந்த ரெண்டு கோலையும் சேத்துப் பாடுங்க" என்றார்.

நான் மாமியைப் பிடித்துக்கொண்டு, "மாமி, அவரு வீட்டுல இருக்காரு. காலையில ரொட்டி சாப்பிட்டாரு" என்றேன். "பொய் சொல்லாத. கொடி கட்டியாச்சே" என்றார். அதன் பின் மயங்கிச் சாய்ந்தார்.

அவரைக் கடைக்காரப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு நான் பேனரைப் பிடித்து இழுத்தேன். கிருஷ்ணராஜ் ஓடிவந்து, "டீச்சர், கழகத்துச் சாமான், கை வைக்காதீங்க" என்று மறுபக்கத்தைப் பிடித்தார். மரச்சட்டம் ஒன்று கழன்று என் கையில் வந்தது. அதைக்கொண்டு அவர் தலையில் இரண்டு முறை அடித்தேன். முதல் அடி எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது அடியை இரத்தத்தைப் பார்த்த பின் அடித்தேன். அப்போது நான் செய்வது எனக்குத் தெரியும்.

அதன் பின் முச்சக்கரவண்டியில் மாமியை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றேன். நாங்கள் போன பிறகே என் கணவர் சந்திக்கு வந்து, தானே அடித்ததாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். எனக்குத் தொலைபேசி எடுத்து, "நீ வாயத் தொறக்காத. உனக்கு அரசாங்க வேல. எனக்கென்ன, ஹார்ட்வெயார் கடையில மூட்டை தூக்குறவன்தானே" என்றார். மாமி அப்போது நினைவின்றி இருந்தார். மூன்று மணிக்குப் பொலிஸார் என் கணவரை அழைத்துச் சென்றதாக அயலவர் அறிவித்தனர்.

ஐந்து மணியளவில் அதே வைத்தியசாலையில் நான்கு தையல் போட்டிருந்த கிருஷ்ணராஜைச் சந்தித்து, உண்மையைச் சொல்லும்படி கேட்டேன். அவர், "பொம்பளகிட்ட அடி வாங்கினேன்னு எழுதிக் குடுத்தா அடுத்த வருசம் பேனர்ல நான்தான் டீச்சர். அண்ணன் அடிச்சதாவே இருக்கட்டும்" என்றார். தலையில் கட்டோடு இருந்தவர் யோசித்தது அதைத்தான். என் கணவர்மீது அவர் கொடுத்த முறைப்பாடு பொய்யானது இந்தக் காரணத்தாலேயே.

மாமிக்கு ஆறு மணிக்கு நினைவு திரும்பியது. "பெட்டி எத்தன மணிக்கு எடுக்குறீங்க?" என்று கேட்டார். மகன் உயிரோடிருப்பதாக நானும் தாதியும் சொன்னோம். "உசுரோட இருந்தா ஏன் என்னப் பாக்க வரல?" என்றார். பொலிஸில் இருக்கிறார் என்றேன். அதையும் அவர் நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் பிணம் வீட்டைவிட்டுப் போகும்வரை பெற்றவள் வாயில் எதுவும் வைப்பதில்லை. நேற்று மாலை முதல் அவர் தண்ணீரோ இரத்த அழுத்த மாத்திரையோ எடுக்கவில்லை. சேலைன் ஏற்றிய ஊசியையும் பிடுங்கிவிட்டார். இப்படியே இன்னொரு நாள் தாங்காது என்று வைத்தியர் சொன்னார்.

இந்த வாக்குமூலத்தால் என் ஆசிரியர் பதவி பாதிக்கப்படலாம் என்று உத்தியோகத்தர் எனக்கு விளக்கினார். அதை அறிவேன். வார்டில் பார்வையாளர்களை விடுவது பகல் பன்னிரண்டு மணிக்கு. என்னை இங்கே வைத்துக்கொண்டு, அதற்குள் அவரை அவருடைய தாயின் கட்டிலுக்கு முன்னால் போய் நிற்க அனுப்பும்படி கேட்கிறேன்.

எழுதப்பட்டதை உத்தியோகத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். இதில் உள்ளவை நான் சொன்னவையே, நான் அறிந்தவரை உண்மையானவை. இதைச் சொல்லும்படி எவரும் என்னை வற்புறுத்தவில்லை. சொல்ல வேண்டாம் என்று வற்புறுத்தியவர் என் கணவர் மட்டுமே.

(ஒப்பம்) பு. சிவசக்தி