ஒரு ஜோடி மயில் சிலந்தி

உலகத்தில் ஒரே ஒரு குன்றில் மட்டும் வாழும் ஓர் உயிரின் விலை, ஐயா, ஜோடிக்கு ஒரு கறவை மாடு. நான் இரண்டு மாட்டு விலை சொல்வேன், வாங்குகிறவர் முகத்தைச் சுளிப்பார், ஒன்றில் படியும்.

மயில் சிலந்தி அரிசி மணி அளவுதான். ஆணின் முதுகில் மடித்து வைத்த பட்டுபோல் ஒரு விசிறி: நீலமும் சிவப்பும். பெண்ணைக் கண்டால் அதை விரித்து, இரண்டு கால்களைத் தூக்கி ஆடுவான். ஆட்டம் பிடித்தால் இடம் கொடுப்பாள். பிடிக்காவிட்டால் தின்றுவிடுவாள். ஒளிவுமறைவில்லாத வியாபாரம், எனக்குப் பிடித்திருந்தது.

குன்றைக் கண்டுபிடித்தவன் என் தங்கை புருஷன். தினமும் காலையில் புதருக்கடியில் குப்புறப் படுத்து ஆட்டம் பார்ப்பான். நான் கேட்ட ஜோடியை மட்டும் பிடித்துத் தருவான்.

"பொட்டைய மட்டும் நீங்களா பிடிச்சிடாதீங்க மச்சான். அங்க நாலஞ்சு வகை இருக்கு. ஆம்பளைங்க நிறம் வேற வேற. பொட்டைங்க எல்லாம் ஒரே பழுப்பு."

"உனக்கு மட்டும் எப்படித் தெரியுது மாப்ளே?"

"எவன் ஆட்டத்த நின்னு பாக்குறாளோ, அவன் வகை."

"என் தங்கச்சியும் உன் ஆட்டத்த நின்னு பாத்தாளா? அப்பவே அவளுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்கணும்."

சிரித்தான். நல்ல பையன்.

பிறகு வேறு வியாபாரிகள் குன்றை மோப்பம் பிடித்தார்கள். சரக்கு பெருகினால் விலை விழும். எங்கள் வீட்டில் இது பால்குடி மறக்கும் முன்பே தெரிந்துவிடும். அவனுக்குத் தெரியாமல் ஒரு மாலை போய் அள்ளினேன்: ஆண்களை நிறம் பார்த்து, பெண்களைப் பழுப்பு பார்த்து. பழுப்பு என்றால் பழுப்புதானே. மறுநாள் காலை, காற்று பார்த்து, அடிவாரத்தில் தீ வைத்தேன்.

அவன் மேலே படுத்திருந்தது தெரியாது என்று சொல்லலாம். நீங்களே நம்பினாலும் நான் நம்பமாட்டேன். இன்னொரு குன்றைக் கண்டுபிடிக்கக் கூடியவன் அவன் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்து ஜோடி சேர்த்தேன். முதல் சீசாவில் ஆண் விசிறியை விரித்தான். அவள் நின்று பார்க்கவில்லை, பாய்ந்தாள். அடுத்த சீசாவிலும் அப்படியே. அத்தனையும் வேறு வகைப் பெண்கள். அதைப் பார்த்துச் சொல்லக்கூடியவனைத்தான் காலையில் செலவழித்திருந்தேன்.

தங்கைக்குப் போனது ஒரு புருஷன். எனக்குப் போனதோ ஓர் இனமே; கூடவே நல்ல பிடிகாரன் ஒருவன். கூட்டிக் கழித்துப் பாருங்கள், ஐயா. நஷ்டம் என் பக்கம்தான்.