வரிசை குலைந்த நான்கு வன்தட்டுகள்

அளந்து பேசி, ஆழ்ந்து கேட்டு, இந்த அவையை ஆண்டுகொண்டிருக்கும் மன்றத் தலைவர் மாயவன் அவர்களே! ஏட்டைப் படிக்காவிட்டாலும் காட்டைப் படித்த கல்வராயன் மலைப் பெரியோர்களே! சாமை விதைப்பை ஒருநாள் ஒத்திவைத்துவிட்டு, சாரல் மழையையும் சட்டை செய்யாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கச்சிராயபாளையத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து மலையேறி வந்திருக்கும் உறவுகளே! உங்கள் அனைவருக்கும், நம் நில உரிமை மன்றத்தின் செயலாளனும் ஓய்வு பெற்ற தமிழாசிரியனுமான இந்தத் தங்கதுரையின் தலை தாழ்ந்த வணக்கம்.

பட்டா வழங்கும் விழாவில் பாராட்டிப் பேசு என்றார் தலைவர். பாராட்டத்தான் வந்தேன். ஆனால் யாரைப் பாராட்டுவது? எதற்காகப் பாராட்டுவது? அதைச் சொல்ல நடந்ததை நடந்தபடியே சொல்லியாக வேண்டும்.

அறுபத்து மூன்று குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பமும் உழுத நிலத்தின் எல்லையைக் காலால் நடந்து காட்டிய வீடியோப் படங்கள், வாயால் சொன்ன சாட்சிகள். அத்தனையையும் மூன்றாண்டுகள் காடு மேடெல்லாம் அலைந்து பதிவு செய்தவர் நம் அலுவலகப் பணியாளர் அம்சவள்ளி. சேர்த்து வைத்த இடம் எது? இதே வெள்ளிமலையில் நம் மன்ற அறையில் இருந்த கணினி. அதற்குள் நான்கு வன்தட்டுகள். ஹார்டு டிஸ்க் என்கிறோமே, அவைதான். நான்கும் ஒரே குழு. ஒரு பதிவைத் துண்டு துண்டாக நான்கிலும் பிரித்து வைத்திருக்கும். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து இழந்ததைக் கணக்கிட்டுச் சொல்லிவிடும். கணினியின் மென்பொருளே கட்டிக் காக்கும் குழு அது.

என்ன தம்பி கேட்கிறீர்கள்? தனியாக நகல் எடுத்து வைக்கவில்லையா? நியாயமான கேள்வி. வெளியே ஒரு நகல் வேண்டும், வட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று அம்சவள்ளி இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். பார்ப்போம் என்று சொன்னவன் நான்.

சென்ற ஐப்பசியில் அடைமழை. கள்ளக்குறிச்சியில் புதன்கிழமை பட்டா விசாரணை. திங்கள் காலையில் அறைக்குள் நுழைகிறேன், கூரைத் தகடு விலகி மேசை மீது தண்ணீர் கொட்டுகிறது. அக்காவின் பிரசவத்துக்காக அம்சவள்ளி கச்சிராயபாளையம் போயிருந்தார். கைப்பேசியில் அவரைப் பிடிக்க முடியவில்லை. நான் பொறுத்தேனா? இல்லை. பெட்டியை அப்படியே நகர்த்தினேனா? அதுவும் இல்லை. திருப்புளியை எடுத்து நான்கு தட்டுகளையும் கழற்றினேன். எது முதலாவது, எது நான்காவது என்று ஓர் எழுத்துக்கூடக் குறிக்கவில்லை. துண்டில் சுற்றிப் பையில் போட்டு, பேருந்து ஏறிவிட்டேன். மலைப்பாதை வளைவொன்றில் பை இருக்கையிலிருந்து சரிந்து தடாலென்று விழுந்தது. விழுந்தது பை; திடுக்கிட்டது என் நெஞ்சு.

கள்ளக்குறிச்சியில் கணினிக்கடை வைத்திருக்கும் சுப்புராயன் தன் கணினி ஒன்றில் தட்டுகளை மாட்டினார். ஒன்று டிக் டிக் என்று தட்டிவிட்டு ஓய்ந்தது. மற்ற மூன்றும் எழுந்தன. ஆனால் பழைய பெட்டிக்குள் ஒட்டியிருந்து நான் பிய்த்துக்கொண்டு வந்த குறிப்பில் தட்டுக்கு ஒரு பெயர், இங்கே திரையில் வேறு பெயர். அங்கே பி என்றிருந்தது இங்கே டி என்கிறது. குறிப்பில் உள்ளபடி கூப்பிட்டால் குழு எழவில்லை.

"சார், பேரு ஒண்ணும் ஒத்துப்போவல. புதுசா ஒரு குழுவா கட்டிடட்டுமா?" என்றார் சுப்புராயன். கெட்ட எண்ணமில்லை, நல்ல மனிதர். எனக்கோ ஒன்றும் தெரியாது. கட்டுங்கள் என்றேன். ஆம் என்பதா, இல்லை என்பதா என்று திரை கேட்டது. அவர் விரல் விசைக்கு மேலே நின்றது.

அந்த நேரத்தில் கைப்பேசி அடித்தது. நான் விட்டிருந்த அழைப்புகளைப் பார்த்துவிட்டு அம்சவள்ளி அழைத்தார். விவரம் சொன்னேன். அமைதியாகச் சொன்னார்: "அந்தண்ணன கைய எடுக்கச் சொல்லுங்க சார். புதுசா கட்டுனா பழசு மேலயே எழுதிக்கினு பூடும். எதயும் தொடாதீங்க, நான் வந்துக்கினே இருக்கறேன்."

டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். என்னைக் கடிந்தாரா? ஒரு சொல் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேரெல்லாம் மாறிவிட்டதே அம்மா என்று புலம்பினேன்.

"பேரு மெஷின் குடுக்கறது சார்," என்றார். "எது மொதல்ல கண்ணுல படுதோ அதுக்கு மொதல் பேரு. மாத்தி மாட்டுனா மாறத்தான் செய்யும். ஒவ்வொரு டிஸ்க்கும் தான் எந்தக் குழு, தனக்கு எத்தினியாவது எடம்னு உள்ளயே எழுதி வெச்சிருக்கும். அது மாறாது."

மாட்டிய இடம் மாறலாம், அழைக்கும் பெயர் மாறலாம், அகத்தே எழுதிய அடையாளம் மாறுமா? மூன்று தட்டுகளையும் விசாரித்தார். மூன்றும் ஒரே குழு எண்ணைச் சொல்லின. நால்வர் வேண்டிய இடத்தில் மூவரா என்று கணினி தயங்கியது. மூவரோடே எழு, படிக்க மட்டும் செய், ஒன்றையும் எழுதாதே என்று ஆணையிட்டார்.

குழு எழுந்தது!

அவர் கொண்டாடவில்லை. சுப்புராயனிடம் புது வட்டு ஒன்று வாங்கி, முதல் வேலையாக அத்தனையையும் அதில் நகலெடுத்தார். அதன் பிறகுதான், பெயரை வைத்துத் தேடாமல் குழு எண்ணை வைத்தே தேடும்படி அமைப்பை மாற்றினார். வேண்டுமென்றே வயர்களை மாற்றி மாட்டி மீண்டும் எழுப்பினார். பெயர்கள் இடம் மாறின, குழு குலையவில்லை. செத்த தட்டின் இடத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். மற்ற மூன்றும் அதற்குரிய பங்கை எழுதிக்கொடுக்கத் தொடங்கின.

புதன்கிழமை விசாரணை. சின்னக்கண்ணு அண்ணன் முறை வந்தது. அவர் நிலத்துக்கு எல்லை சொன்ன சாட்சி ராசு. ராசு இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. மறுபடி எங்கே போய்ப் பதிவு செய்வது? அம்சவள்ளி படத்தை ஓடவிட்டார். கம்பை ஊன்றிக்கொண்டு ராசு நடந்தார். "இந்தப் பாறையிலேர்ந்து அந்தப் பலா மரம் வரிக்கும் சின்னக்கண்ணு ஒழுத நெலம். எனக்கு நெனவு தெரிஞ்சதுலேர்ந்து பாக்கறேன்," என்றார். சின்னக்கண்ணு அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். தோள்துண்டு தானாகக் கைக்கு வந்தது. விசாரித்த அதிகாரி இன்னொரு முறை போடச் சொன்னார்.

அறுபத்து மூன்றில் ஐம்பத்தேழு குடும்பங்களுக்கு இன்று பட்டா. ஆறு குடும்பங்களுக்கு இன்னும் வரவில்லை. அவற்றுக்காக மறுபடியும் போவோம்.

கைதட்டுகிறீர்கள். கொஞ்சம் நிறுத்துங்கள். இன்னும் முடியவில்லை.

அடுத்துக் கூடிய மன்றக் கூட்டத்தில், தட்டு எப்படிக் கெட்டது என்று கேட்டீர்கள். நான் என்ன சொன்னேன்? கணினி தானாகப் பழுதாகிவிட்டது என்றேன். கழற்றியது நான் என்று சொன்னேனா? கீழே விழவிட்டது நான் என்று சொன்னேனா? நகல் எடுக்க வட்டு கேட்டும் வாங்கிக் கொடுக்காதவன் நான் என்று சொன்னேனா? முப்பத்தோர் ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வாய்மை பற்றிப் பாடம் நடத்திய வாய் அன்று மூடிக்கொண்டது. பராமரிப்பில் குறை என்று முடிவெடுத்து அம்சவள்ளியிடமிருந்து அறைச்சாவியை வாங்கினோம். எட்டு மாதமாயிற்று.

போன வாரம் அவரைப் பார்த்து, ஏனம்மா நீ உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னார்: "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன் சார்."

இதோ சொல்லிவிட்டேன். மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவையில் அமர்ந்திருக்கும் அம்சவள்ளி அவர்களே, தவறு என்னுடையது, தண்டனை உங்களுடையதாயிற்று. இந்த அவை அறிய மன்னிப்புக் கேட்கிறேன். தலைவர் அவர்களே, அந்தச் சாவியை இதே மேடையில் அவருக்குத் தர வேண்டும். நீட்டுவதற்கு முன், வாங்கிக்கொள்ள அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு நீட்டுங்கள்.

மழையோடு மழையாக என் பேச்சையும் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு என் நன்றி. என் பொய்யை எட்டு மாதம் பொறுத்துக்கொண்ட அம்சவள்ளிக்கு என் வணக்கம்.