கம்பம் கிட்ட வந்துருச்சு

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த ஓர் அம்மாவின் கைப்பையில் கார் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. வீரபாண்டியில் ஏறிய பெண் ஒருத்தி, "என்ன மதினி, பஸ்ல வாரீக?" என்றபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத விடு. காருக்குப் புது டயர் போட்டதுல இருந்து கம்பம் கிட்ட வந்துருச்சு, தெரியுமா? மீட்டர்ல ரெண்டு கிலோமீட்டர் கம்மியாக் காட்டுது."

"என்ன சைஸ் போட்டீக?"

"பழைய டயர்ல நடுவுல அறுபத்தஞ்சுன்னு இருந்துச்சு. நாந்தான் எழுபத்தஞ்சு போடச் சொன்னேன். கடைக்காரரு வேணாம்னுதான் சொன்னாக. பெருசா இருந்தா நல்லதுதான?"

"அந்த நம்பரு டயரோட ஒசரத்துக்கு மதினி. ஒசரம் கூடுனா அதே தூரத்துக்குச் சக்கரம் சுத்துறது குறையும். மீட்டரு அந்தச் சுத்தைத்தான் எண்ணுது. ஊரு நகரல."

"நகராட்டிப் போகுது. வண்டி எப்படிக் கம்பீரமா நின்னுச்சு!"

"இப்ப எங்கன நிக்குது?"

"தேனியில, டயர் கடையில. குமுளி மலையில வளைவுக்கு வளைவு டயர் உரசுச்சு. ஒங்க அண்ணன் பயந்துபோயி எறங்கி நடந்தாக. பழைய சைஸே போடச் சொல்லிட்டேன்."

கண்டக்டர் வந்து நின்றார். "இவளுக்குக் கம்பம் ஒண்ணு" என்று அந்த அம்மா பர்ஸைத் திறந்தார்.

"எனக்கு எதுக்கு மதினி டிக்கெட்டு? அதான் கிட்ட வந்துருச்சுல்ல, அண்ணன் மாதிரி நானும் நடந்தே வந்துருதேன்."