எந்தச் சிவப்பு என்று கேட்டவர்

மேடையில் அமர்ந்திருக்கும் வட்டத் தலைவர் அவர்களே, கால்நடை மருத்துவர் அவர்களே, மந்திரம் ஓதிய லாமா பெரியவரே, இந்தப் பனியிலும் வந்து சேர்ந்திருக்கும் குதிரைக்காரர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஹாந்த்சூரென் அண்ணியே! வட்ட வானொலியில் காணாமற்போன குதிரைகளின் அறிவிப்பை வாசிக்கும் செவெல்மா பேசுகிறேன். எல்லோருக்கும் வணக்கம்.

போனவரின் பெயரை நாற்பத்தொன்பது நாள் சொல்லக்கூடாது என்பார்கள். லாமா பெரியவர் என்னை மன்னிக்கட்டும். தாம்தின்ஜாவ்! என் தாம்தின்ஜாவ் அண்ணன்! இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, நான் வாசிக்கும் அறிவிப்புகளை எழுதித் தந்தவரின் பெயரை நான் எப்படிச் சொல்லாமல் இருப்பேன்?

வட்டத்தின் சிறந்த மேய்ப்பர் என்று இருமுறை பதக்கம் வாங்கியவர் என்றார் தலைவர். உண்மைதான். ஆனால் அந்தப் பதக்கம் எங்கள் அலுவலகத்தில் சன்னல் கதவு ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்துக் கிடந்தது. அவருக்குப் பெருமை வேறு இடத்தில் இருந்தது. குதிரைக்கு நாம் பெயரா வைக்கிறோம்? உடலின் நிறம், பிடரியின் நிறம், வயது, பொலிக்குதிரையா, காயடித்ததா, பெட்டையா, பெட்டையென்றால் குட்டி ஈன்றதா, இழந்ததா, மலடா? அதைத்தானே பெயர் என்கிறோம்? அது அத்தனையும் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. குதிரை தொலைந்தது என்று எவர் வந்தாலும், அதையெல்லாம் கேட்காமல் அவர் பேனாவைத் திறக்க மாட்டார்.

நகரத்திலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். மாமனார் குதிரையைக் காணோம், பழுப்புக் குதிரை என்றார். அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்ப்பா, நாளைக்கு உன் மாமனாரே தொலைஞ்சு போனா, 'ஒரு மனுஷனைக் காணோம்'னு எழுதச் சொல்லுவியா?"

ஓட்டுநர் மாமனாருக்குப் போன் போட்டு, அரைமணி நேரம் திட்டு வாங்கி, எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் குதிரை கிடைத்தது!

இன்னொன்றும் சொல்கிறேன். பெட்டை ஒன்றைக் காணோம் என்று ஒரு குடும்பமே பத்து நாளாய் ஆற்றோரம் அலைந்தது. இந்த ஆண்டு குட்டி ஈன்றதா என்று அண்ணன் கேட்டார். ஈன்றது, ஓநாய் கொண்டுபோய்விட்டது என்றார்கள். அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கடிந்துகொண்டார். குட்டி பறிகொடுத்த பெட்டை தான் பிறந்த மேய்ச்சலுக்குத்தான் போகும், எங்கே வாங்கினீர்களோ அங்கே போய்ப் பாருங்கள் என்றார். அங்கேதான் நின்றது. ஒரு சொல் சரியாக இருந்தால் எந்தத் திசையில் தேடுவது என்று தெரிந்துவிடும். இதுதான் அவர் தொழில், இதுதான் அவர் தொண்டு!

இனி நான் சொல்லப்போவது இரங்கல் கூட்டத்தில் எவரும் சொல்லாதது. தலைவர் அவர்களே, என்னை நிறுத்தாதீர்கள்.

இந்த ஜுத், மந்தைகளை அழிக்கும் இந்தக் கொடும்பனிக்காலம், நம் எல்லோரையும் மொட்டையடித்துவிட்டது. பனி இறுகிப் பாறையாகி, புல் அடியில் போய், ஆடுகள் நின்ற இடத்திலேயே செத்தன. அண்ணனுக்கு மிஞ்சியது பதின்மூன்று குதிரைகள். பொலிக்குதிரை ஒன்று, பெட்டைகள் ஒன்பது, மூன்று வயதுக் குட்டிகள் மூன்று. சூறைப்பனி அடித்த அன்று அந்தப் பதின்மூன்றும் போய்விட்டன.

அன்று எங்கள் அலுவலகத்தில் நாற்பது பேர் நின்றார்கள். எல்லோருடைய குதிரைகளையும் காணோம். வடக்கே செங்குன்றுப் பள்ளத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, பொலிக்குதிரையோடு பதின்மூன்று நிற்கின்றன, பொலி சிவப்பு என்றார். நான் சிவப்பு என்று எழுதினேன். போனை வைத்துவிட்டேன்.

சிவப்பு! உடலும் சிவப்பு பிடரியும் சிவப்பு என்றால் ஜேர்த்; அண்ணனின் பொலி அதுதான். உடல் சிவந்து பிடரியும் வாலும் கறுத்திருந்தால் ஹேர். நம் வீடுகளில் பால்பல் விழாத பிள்ளைகூட இரண்டையும் ஒன்றாகச் சொல்லாது. இருபத்திரண்டு ஆண்டுகள் இதையே வாசித்த நான் வெறும் சிவப்பு என்று எழுதினேன். அண்ணன் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"எந்தச் சிவப்பு, தங்கச்சி? பிடரி என்ன நிறம்?"

"கேக்கலண்ணா."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கக்கூடாதா? திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார், கம்பி அறுந்துவிட்டது. தன் பெட்டைகள் பிறந்தது வடக்கே, பதின்மூன்று என்ற கணக்கும் ஒத்துவருகிறது, போய்ப் பார்த்துவிடுகிறேன் என்று சேணம் பூட்டினார். நின்றவை ஹேர் பொலியோடு வேறொருவர் மந்தை. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இரண்டாவது சூறை பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் கண்டெடுத்தோம்.

அவரைக் கொன்றது பனி என்கிறீர்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி நான். இந்த அலுவலகமும் இந்த ஒலிவாங்கியும் என் கையில் இருக்கத் தகுமா என்று நீங்கள் பிறகு முடிவு செய்யுங்கள். இப்போது அதற்கு நேரமில்லை.

ஏன் இல்லை? இன்று காலை தெற்கே உப்பேரிக் கரையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். இம்முறை அவர் அலுத்துப்போகும்வரை கேட்டேன். ஒன்பது குதிரைகள் நிற்கின்றன. பொலி ஜேர்த், பிடரியும் சிவப்பு. பெட்டைகளில் இரண்டு சாம்பல், ஒன்று மஞ்சள் உடம்பும் கறுத்த வாலும். அண்ணனின் பதின்மூன்றில் மிஞ்சியவை போலத்தான் இருக்கின்றன. ஆனால் தொடையில் போட்ட சூட்டுக்குறி உறைபனிக்குள் மறைந்துகிடக்கிறது. சாம்பலில் மட்டும் நம் வட்டத்தில் எத்தனை வகை! பார்த்ததும் இன்னது இன்னாருடையது என்று சொல்லக்கூடியவர் போய்விட்டார். நாளை மறுநாள் அடுத்த சூறை என்கிறது வானிலை. அதற்குள் அவற்றை மறைவான இடத்துக்கு ஓட்டிவராவிட்டால் அந்த ஒன்பதும் இல்லை. அவை இல்லாவிட்டால் அண்ணி இந்தப் புல்வெளியில் எதை வைத்து வாழ்வார்? நகரத்து ஓரத்தில் யார் வீட்டு வாசலில் போய் நிற்பார்?

இரங்கல் கூட்டம் என்று எழுந்து நின்று தலைகுனிந்தோம். அது போதுமா? அண்ணனின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் நால்வர் இந்த மேடையில் சூளுரைத்தார்கள். தொடருங்கள்! தலைவரின் லாரி வெளியே நிற்கிறது, டீசல் இருக்கிறது. ஏறிப்போகக்கூடிய தெம்புள்ள குதிரை நம்மில் எவரிடமும் இல்லை என்று எனக்குத் தெரியும். லாரி போகும்வரை போய், மிச்சத்தை நடப்போம். எனக்கு ஆறு பேர் வேண்டும். போகிறவர்களில் எவராவது திரும்பாமல் போகலாம். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள்.

ஏன் தரையைப் பார்க்கிறீர்கள்? நான் கூப்பிட்டால் வரமாட்டீர்கள், அது நியாயம். அவருக்காக வரமாட்டீர்களா?

அண்ணி, நீங்களா? வேண்டாம், கையை இறக்குங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒருவரை அனுப்பியது போதும்.

என்ன சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள் அண்ணி, பின்வரிசைக்கும் கேட்கட்டும்.

"அந்தப் பெட்டைங்ககிட்ட பத்து வருஷமா பால் கறந்தவ நான். ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும். வண்டிய எடுக்கச் சொல்லு."

கேட்டீர்களா? சரி அண்ணி, முன்சீட்டில் நீங்கள் உட்காருங்கள். இன்னும் ஐந்து பேர்.