அப்பாவின் துப்பாக்கிக்குப் புதுக் கட்டை

பிளாஸ்டிக்கின் மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது. என் படகுத் துடுப்பு பிளாஸ்டிக், மீன்பெட்டி பிளாஸ்டிக். எது எதற்கு உதவுமோ அதை அதற்கு வைத்துக்கொள்கிறவன் நான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பா ஃபின்லாந்தில் ரஷ்யர்களோடு சண்டை போட்டபோது வைத்திருந்த அதே ரகத் துப்பாக்கி ஒன்றை, மிச்சிகனுக்கு வந்த பிறகு, பழைய ராணுவச் சரக்கு விற்கும் கடையில் வாங்கினார். தோளில் பதிகிற பின்பக்கம் பிர்ச் மரக் கட்டை. முப்பது வருடம் அந்தக் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தவன் நான். கடைசி ஒன்பது வருடம் அப்பாவின் காலுக்கும் நான்தான் தைலம் தேய்த்தேன். சாகும்போது துப்பாக்கியை என் தம்பி ரெய்னோவுக்குக் கொடுத்தார். "அவன்தானே வேட்டைக்குப் போறான்" என்றார். நியாயம்தான். அப்பாவைத் தனியே விட்டுவிட்டு நான் எங்கே வேட்டைக்குப் போவது? அதில் எனக்கு வருத்தமில்லை.

இந்த அக்டோபரில் ரெய்னோ வந்தான். "அண்ணே, ஈரப் பனியில மரம் ஊதிக்குது. ஊதிக்கிட்டு குழாயைத் தள்ளுது. மானைக் குறி வெச்சா மரத்துல படுது. கருப்புப் பிளாஸ்டிக் கட்டை ஒண்ணு வாங்கியிருக்கேன், போட்டுக் குடு. பாறையில அடிச்சாலும் விரிசல் விடாது."

"மரத்தை என்னடா பண்ணப் போற?"

"உனக்குத்தான். நீதானே அதுக்குப் புருஷன்."

போட்டுக் கொடுத்தேன். அவன் கொட்டகையில்தான் வேலை நடந்தது. அவன் கையில் விட்டால் கோணலாகிவிடும். இரண்டு திருகாணிதான், கழற்றியதும் இரும்பு மரத்தைவிட்டுச் சுலபமாக வந்துவிட்டது. புதுக் கட்டையில் அப்படி உட்காரவில்லை. உள்ளே அங்கங்கே அரத்தால் ராவி ராவி, மூன்று சாயங்காலம் ஆயிற்று. ஒரு நூல்கூட ஆடாமல் இறுக்கிக் கொடுத்தேன். "வேட்டை சீசன் முடியட்டும்ணே, அதுவரைக்கும் மரம் இங்கயே கிடக்கட்டும், பிளாஸ்டிக் சரிப்படலேன்னா மரத்தையே திருப்பிப் போட்டுக்கலாம்" என்றான். சரி என்றேன். நான் அவசரப்படுகிற ஆளில்லை.

நவம்பர் முப்பது, சீசனின் கடைசி நாள். ஏலக்காய் ரொட்டி ஒன்றும், கட்டையைச் சுற்றி எடுத்துவர ஒரு கம்பளிப் போர்வையும் கொண்டு போனேன். முற்றத்தில் கொம்புள்ள மான் தொங்கியது. ரெய்னோ சந்தோஷமாக இருந்தான். முதலில் சவுனாவில் ஆவிக் குளியல் போடலாம், மற்றதெல்லாம் பிறகு என்றான். அடுப்புக் கற்களில் தண்ணீர் ஊற்றினான், ஆவி எழும்பியது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல சூடு. முதுகுவலியெல்லாம் இறங்கியது.

"எப்படிண்ணே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்குடா."

"இருக்காதா பின்னே. உன் முப்பது வருச எண்ணெயில்ல. விறகு ஈரம், பிடிக்கவே மாட்டேன்னுச்சு. அந்தத் துப்பாக்கிக் கட்டையை மூணா அறுத்து அடுப்புல தள்ளினேன். குப்புன்னு பிடிச்சுது பாரு."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். என்ன செய்வது, உடம்புக்கு இதமாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

உடை மாற்றும் அறைக்கு வந்தோம். அவன் தலை துவட்டிக்கொண்டிருந்தான், முகம் துண்டுக்குள் இருந்தது. துப்பாக்கி மூலையில் சாய்ந்திருந்தது. தோட்டாக்கள் அலமாரியில் இருந்தன, நான் தொடவில்லை. சூரியன் விழுந்து அரைமணிக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கு மேல் சுடுவது சட்டப்படி குற்றம் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் குழாயைப் பிடித்துக்கொண்டு, கட்டையால் அடித்தேன். முதல் அடி காதுக்குப் பின்னால். "அண்ணே" என்றான், யாரோ கூப்பிட்டதற்குத் திரும்புகிறவன்போல. இரண்டாவது நெற்றியில். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. அவன் பேசவில்லை என்பதற்காக நான் நிறுத்தவும் இல்லை. முகம் முகமாக இல்லாமல் போகும்வரை அடித்தேன், மொத்தம் எட்டு.

அவன் உடம்பில் துணியில்லை. கட்டைக்குக் கொண்டுபோன போர்வையை அவன்மேல் போர்த்திவிட்டு, உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். நீங்கள் வரும்வரை துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். மரமாக இருந்திருந்தால் மூன்றாவது அடியில் கைப்பிடி பிளந்திருக்கும். இதில் ஒரு விரிசல் இல்லை, திருகாணி ஒரு நூல் தளரவில்லை.

ரெய்னோ சொன்னது சரிதான் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். தம்பி சொன்னதை அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டான் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது.