மூளை முன்னாடியே இருந்துச்சுங்க

சூலூரிலிருந்து கோயமுத்தூர் வரும் பஸ்ஸில், பின் சீட்டில் கல்லூரிப் பெண் ஒருத்தி தன் அத்தையிடம் சொன்னது காதில் விழுந்தது.

"நான் மக்கு இல்லீங்க அத்தை. எனக்கு ரத்தம் பத்தாம இருந்துச்சு."

"அதுக்கில்ல கண்ணு. போன வருசம் ரெண்டு பேப்பர் போச்சு. படிப்பு ஏறலீன்னுதான உங்கப்பன் மாப்ளை பாக்கறாரு?"

"அப்பப் படிக்கறது ஒண்ணுமே மனசுல நிக்கலீங்க. பக்கத்தைத் திருப்பறதுக்குள்ள கண்ணு சொக்கும். டாக்டரம்மா ரத்தம் பாத்துப்போட்டு மாத்திரை குடுத்தாங்க. இரும்புச்சத்து கூடுன கம்பு ரகம் ஒண்ணு வந்திருக்குது, அதையும் தின்னுன்னாங்க. மாசக்கணக்கா அந்தக் கம்மஞ்சோறுதான். இப்பப் படிச்சா நிக்குது. அந்த ரெண்டு பேப்பரையும் எழுதிப் பாஸ் பண்ணிப்போட்டேன்."

"கம்பு தின்னா மூளை வருமா?"

"மூளை முன்னாடியே இருந்துச்சுங்க. யாரும் அதுக்குச் சோறு போடலை."

பஸ் சிங்காநல்லூரைத் தாண்டியது. அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ற புள்ளையும் புஸ்தகத்து மேலயே தூங்கி விழுவா. சோம்பேறின்னு பாதிப் படிப்புல நிறுத்திக் கண்ணாலம் பண்ணிப்போட்டோம். அவளுக்கும் இதுதான் இருந்திருக்குமா?"

"இருக்கலாமுங்க. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்துரலாம். மறுக்கா படிக்கோணும்னாலும் படிக்கட்டும்."

"நாளைக்கா? உன்னைப் பாக்க மாப்ளை ஊட்டுக்காரங்க வாராங்களே."

"வரட்டுங்க. அப்பா ஊட்டுலதான இருப்பாரு, காப்பி போட்டுக் குடுப்பாரு."